மண்மேட்டுக்குள் ஒரு திருப்பணி

(வாரியத்தின் நன்கொடையாளர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"ஆசிரியர்தானே, அரைமணி நேரம் பேசுவது உங்களுக்குப் பெரிய காரியமா?" என்று கேட்டு நம் செயலாளர் என் பெயரை நிகழ்ச்சி நிரலில் போட்டுவிட்டார். வரவு செலவைப் பொருளாளர் சொல்லிவிட்டார். தேவாரத்தின் சிறப்பை எனக்கு முன் பேசிய ஐயா அவர்கள் மிக அழகாக எடுத்துரைத்தார். எனவே நான் இன்று மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாம் கூடியிருக்கும் இந்தச் செபராங் பிறையிலிருந்து மூடா ஆற்றைக் கடந்து வடக்கே போனால், ஜெராய் மலையின் அடிவாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே மண்மேடுகள் பல இருக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை வெறும் மேடுகள்தாம். புல் முளைத்திருக்கும், கரையான் புற்று கட்டியிருக்கும், சிலவற்றின் மேல் மரமே வளர்ந்து நிற்கும். அந்த மேடுகளுக்குள் நம் நாட்டின் மிகப் பழைய திருப்பணிகள் சில அடங்கிக் கிடக்கின்றன. பூஜாங் பள்ளத்தாக்கு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது அந்தப் பகுதியைத்தான்.

ஒரு கோயில் எப்படி மண்மேடு ஆகும் என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. பூஜை நின்றுபோன கோயிலில் முதலில் கூரை போகும். அந்தக் காலத்தில் இந்தப் பகுதிக் கோயில்களுக்கு அடித்தளமும் சுவரும்தான் கல் அல்லது செங்கல். மண்டபத் தூண்கள் மரத்தால் ஆனவை. தூண் நின்ற கல் பீடங்கள் இன்றும் இருக்கின்றன, தூண்களைக் காணோம். நம் நாட்டு மழைக்கும் கரையானுக்கும் மரம் எத்தனை நாள் தாங்கும்? தூண் சாய்ந்தால் கூரை விழும். கூரை விழுந்தால் சுவரில் தண்ணீர் இறங்கும். செங்கல் சரியும். சரிந்த செங்கல்மேல் சருகு, சருகின்மேல் மண், மண்ணின்மேல் செடி. ஜெராய் மலையிலிருந்து வரும் ஓடைகள் வெள்ளத்தோடு வண்டலையும் கொண்டுவந்து சேர்க்கும். நூறு வருடத்தில் அங்கே ஒரு கோயில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. ஆயிரம் வருடத்தில் மேடு மட்டும் மிஞ்சும்.

நான் கெடாவில் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்துக்குப் பின்புறம் இருபது நிரை தாண்டி அப்படி ஒரு மேடு இருந்தது. பெரியவர்கள் அதன்மேல் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் ஊன்றி முனியாண்டி என்று கும்பிட்டு வந்தார்கள். மழைக்காலத்தில் மேட்டின் ஓரத்தில் மண் கரைந்தால் அகலமான, மெல்லிய செங்கற்கள் வெளியே வரும். அவற்றை எடுத்துவந்து அடுப்புக் கூட்டியவர்களும் உண்டு. "சாமி கல்லு, தொடாதே" என்று என் பாட்டி எங்களை அதட்டுவார். அது பழைய கோயில்தான் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாரும் முறையாகத் தோண்டிப் பார்க்கவில்லை. பிற்பாடு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது இயந்திரம் வந்து இரண்டே நாளில் அந்த மேட்டைச் சமமாக்கிவிட்டது. இனி அது என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

மேடுகளை முதலில் கவனித்து எழுதியவர் பினாங்கில் ஆங்கிலேய நிர்வாகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லோ என்ற இராணுவ அதிகாரி. 1834-ஆம் ஆண்டு இதே செபராங் பிறை மண்ணில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு ஸ்தூபியின் உருவமும், புத்தகுப்தன் என்ற மாலுமி தன் கடற்பயணம் இனிது நிறைவேற வேண்டும் என்று செய்துகொண்ட பிரார்த்தனையும் சமஸ்கிருதத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் கல் பிறகு கல்கத்தா அரும்பொருளகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல்காரன் கரையேறிய இடத்தில் கடவுளுக்கு நன்றி சொல்வது அன்றும் இருந்திருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்களும் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய கையோடு கோயில் எங்கே என்றுதானே தேடினார்கள்!

அதற்கு நூறு வருடம் கழித்து, 1930-களின் பிற்பகுதியில், குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரும் அவருடைய துணைவியார் டோரத்தியும் இந்தப் பகுதிக்கு வந்தார்கள். காட்டிலும் தோட்டத்திலும் நடந்து நடந்து முப்பது இடங்களுக்கு எண் கொடுத்து, பலவற்றைத் தோண்டி, 1940-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த எண்களைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் எட்டாம் எண், மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பாஹாட் சண்டி. சண்டி என்பது இங்கே பழைய கோயிலுக்கு வழங்கும் பெயர். பத்து பாஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கருங்கல்லால் கட்டிய விமானமும் அதற்கு முன் ஒரு மண்டபமும் கொண்ட அமைப்பு. நம் ஆலயத்தில் கருவறைக்கு முன் மகாமண்டபம் இருக்கிறதே, அதே ஒழுங்குதான். 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்பவரின் தலைமையில் அதைக் கல் கல்லாக எடுத்து அடுக்கி மறுபடி நிறுத்தினார்கள். இன்று நீங்கள் மெர்போக் அரும்பொருளகத்திற்குப் போனால் ஓடை ஓரத்தில் அதைப் பார்க்கலாம். வேறிடங்களில் அகழ்ந்தெடுத்த பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் சண்டிகளையும் அந்த வளாகத்திற்கே கொண்டுவந்து அமைத்திருக்கிறார்கள்.

மெய்யன்பர்களே, புக்கிட் பத்து பாஹாட்டில் கிடைத்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். கோயிலின் அடித்தளத்தைப் பிரித்தபோது உள்ளே புதைத்து வைத்திருந்த சிறு கல் பேழைகள் கிடைத்தன. பேழை என்றதும் பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சதுரக் கல், அதன் நடுவில் ஒரு பெரிய குழி, சுற்றிலும் எட்டுச் சிறு குழிகள், மேலே கல் மூடி. குழிகளுக்குள் செம்புக் கலமும், மணிக்கற்களும், பொன் தகடும் இருந்தன. சிவாச்சாரியார் அவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். இது என்னவென்று நான் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். கர்ப்பநியாசம். கோயில் கட்டத் தொடங்கும்போது ஒன்பது அறையோ இருபத்தைந்து அறையோ கொண்ட பேழையில் தானியம், உலோகம், இரத்தினம் எல்லாம் இட்டு அடித்தளத்தில் வைக்க வேண்டும் என்று மயமதம் முதலிய சிற்ப நூல்கள் சொல்கின்றன. வித்து ஊன்றுவது போல. அந்தப் பேழை கோயிலுக்கு உயிர் என்பார்கள்.

நினைத்துப் பாருங்கள். ஓடைக்கரையில் ஒரு கூட்டம் கூடியிருக்கிறது. ஒருவர் ஒரு சிவப்புக் கல் கொடுக்கிறார், இன்னொருவர் ஒரு துளிப் பொன் கொடுக்கிறார். குருக்கள் மந்திரம் சொல்லிக் குழிகளில் இட்டு மூடிவிடுகிறார். இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை. பெயர்ப்பலகை இல்லை, பொன்னாடை இல்லை. ஆயிரம் ஆண்டுகள் யாரும் பார்க்கவுமில்லை. அந்தக் கோயிலைக் கட்டியவன் இன்னார் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. சிவாலயமாக இருக்கலாம் என்று கருதினாலும் மூலவர் திருமேனி கிடைக்கவில்லை. மிஞ்சியது, கொடுத்தவர் கொடுத்த பொருள் வைத்த இடத்தில் வைத்தபடி.

வைத்த இடத்தில் வைத்தபடி. இன்று நான் பேச வந்ததே இந்த மூன்று சொற்களைப் பற்றித்தான்.

அகழ்வாராய்ச்சி என்றால் புதையல் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் வகுப்பில் இதைப் புரியவைக்க நான் கடையிலிருந்து குவே லாப்பிஸ் வாங்கிவருவேன். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அடுக்கடுக்காக இருக்கும் பலகாரம். ஒரு பையனிடம் கத்தியைக் கொடுத்து நேராக வெட்டச் சொல்வேன். எந்த அடுக்கு கீழே, எது மேலே, எது தடிப்பு என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இன்னொரு துண்டை அடுத்த பையனிடம் கொடுத்துக் கரண்டியால் பிசையச் சொல்வேன். மாவும் சர்க்கரையும் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் எது முதலில் ஊற்றியது என்று இனி யார் சொல்ல முடியும்? (பிசைந்ததைச் சாப்பிட எப்போதும் போட்டி இருந்தது என்பது வேறு கதை.)

ஆய்வாளர்கள் மேட்டின்மேல் நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார்கள். கடப்பாரை கிடையாது. கொத்தனார் பயன்படுத்துவது போன்ற சிறு கரண்டி, தூரிகை, வாளி, சல்லடை. மண்ணைச் சில சென்டிமீட்டர் அளவில் மெல்ல வழித்தெடுப்பார்கள். மண்ணின் நிறம் மாறினால் நிறுத்திவிட்டு வரைபடம் போடுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். கரித்துண்டு கிடைத்தால் கையால் தொடாமல் எடுத்துவைப்பார்கள். எடுத்த மண்ணையும் எறிவதில்லை, சலித்துப் பார்த்தால்தான் பாசிமணி, ஓட்டுச்சில்லு கிடைக்கும். ஒரு சதுரத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். வெயிலில் குனிந்தபடி செய்யும் வேலை. பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டால் மரம் கெட்டுவிடும்.

காலத்தைக் கணிக்க ஒரு முறை இருக்கிறது. மணல் துகளுக்குள் ஒரு வகைக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறதாம். சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வரும் மெல்லிய கதிரியக்கத்தைத் துகள் இருட்டில் சேமித்துக்கொண்டே வரும். வெயில் பட்டால் சேர்த்தது அத்தனையும் அழிந்து மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். செங்கல்லாக இருந்தால் சூளையின் சூட்டில் பூஜ்ஜியமாகும். அதனால் மண் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது, செங்கல் எப்போது சுடப்பட்டது என்று ஆய்வுக்கூடத்தில் கணக்குப் பார்க்க முடிகிறது. மண் மாதிரியை வெளிச்சம் படாதபடி குழாய்க்குள் அடைத்து எடுத்துப் போவார்கள். ஒரு மேட்டை இயந்திரத்தால் வாரிக் கொட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். செங்கல்லை வேண்டுமானால் பொறுக்கலாம். மண் சேர்த்து வைத்திருந்த கணக்கு ஒரு பகல் வெயிலில் அழிந்துவிடும்.

இந்த முறையில்தான் சுங்கை பத்துவின் காலத்தைக் கணித்தார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் மேடுகள் அவை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே நடத்திய ஆய்வில் 97 இடங்கள் பதிவாயின. 2009-ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கியது. கோயில்கள் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வந்தது என்ன தெரியுமா? இரும்பு! இரும்பை உருக்கிய உலைக்களங்கள், உலைக்குள் காற்றை ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு. பழைய ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள். அன்று கடல் இன்றைக்குவிட உள்ளே தள்ளி இருந்தது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையை அடையாளம் வைத்துக்கொண்டு வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்கள் அங்கே சரக்கு ஏற்றியிருக்கின்றன. அவற்றோடு வட்டமும் சதுரமுமாகச் செங்கல் அடுக்கிய ஒரு வழிபாட்டு மேடையும் வெளிப்பட்டது. அது கி.பி. 110-ஐ ஒட்டியது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சில பகுதிகள் கி.மு. காலத்தவை என்றும் பின்னர் சொல்லப்பட்டது. அந்தக் கணிப்பை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். மேலும் தோண்டித்தான் தீர்க்க வேண்டும். தோண்டுவதற்கு மேடு இருக்க வேண்டும்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததை உங்களில் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வேல்ஸ் பட்டியலில் 11 என்ற எண் பெற்ற சண்டியின் எச்சம், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. அது தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத இடம் என்று விளக்கம் வந்தது. 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் இது நடந்தது. பட்டியலில் பதியாத இடத்துக்குச் சட்டம் என்ன செய்யும்? எங்கும் கண்டனம் எழுந்தது, அறிக்கைகள் வந்தன. நம் சமூகத்திலும் பலர் கொதித்தார்கள். கொதித்ததில் தவறில்லை. என்னைக் கேட்டால், கொதித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒரு முறையாவது அந்த இடத்துக்குப் போயிருப்பார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தும் கேள்வி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பூஜாங் பள்ளத்தாக்கு என்றாலே நம்மவர்கள் சிலர் "ராஜேந்திர சோழன் கட்டியது" என்று மேடையில் முழங்குகிறார்கள். கடாரம் என்பது கெடாதான் என்று அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். 1025-ஐ ஒட்டி ராஜேந்திரனின் கடற்படை இந்தப் பக்கம் வந்ததும் அவன் மெய்க்கீர்த்தியில் உள்ள செய்தி. ஆனால் அவன் வந்தது படையோடு. சுங்கை பத்துவின் உலைகள் எரிந்தது அவனுக்குப் பல நூற்றாண்டு முன்னால். புத்தகுப்தன் கல்லும் அப்படியே. நமது பட்டினப்பாலையில் காழகம் என்று ஒரு பெயர் வருகிறது. அது கடாரமே என்று உரையாசிரியர் கொண்டார். அப்படியானால் இங்கே ஏற்கெனவே ஓர் ஊர் இருந்தது, விற்பதற்குச் சரக்கு இருந்தது, விலை பேச ஆள் இருந்தது என்றுதானே பொருள்? செங்கல் அறுத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களாகவே இருந்திருப்பார்கள். வேல்ஸ் தம் அறிக்கைக்கு இந்தியக் குடியேற்றம் என்ற சொல்லையே தலைப்பில் வைத்தார். இன்றைய அறிஞர்கள் அந்தப் பார்வையை விட்டுவிட்டார்கள். வந்தவர் கொண்டுவந்த சமயத்தை இங்கிருந்தவர் தங்கள் விருப்பப்படி ஏற்று, தங்கள் கல்லிலும் செங்கல்லிலும் கட்டிக்கொண்டார்கள் என்பதே இப்போது சொல்லப்படுவது. இதனால் நமக்கு என்ன குறைந்துவிட்டது? மலாய்க்கார நண்பரின் மூதாதையரும் நம் மூதாதையரும் ஒரே படித்துறையில் பேரம் பேசியிருக்கிறார்கள் என்றால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. "எல்லாம் எங்களுடையது" என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவருக்கு "அப்படியானால் எனக்கென்ன" என்று தோன்றிவிடும். பிறகு அந்த மேட்டை யார் காப்பாற்றுவது?

அதோடு எல்லாச் சண்டியும் இந்துக் கோயிலும் அல்ல. ஜெராய் மலைக்கு வடக்கே, யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்று ஒரு சிறு குன்று, நெல்வயல்களுக்கு நடுவே தீவு போல நிற்கிறது. ஜேம்ஸ் லோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வேல்ஸும் பார்த்தார். 1980-களில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. மற்றபடி நெடுங்காலம் அது புதர் மண்டிய மேடாகவே கிடந்தது. 2023-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் முறையாகத் தோண்டியபோது, ஒரு பௌத்த ஸ்தூபி பெரிய அளவில் சிதையாமல் வெளிப்பட்டது. பக்கத்துக்கு ஒன்பது மீட்டர் அளவுள்ள சதுரக் கட்டடம். தொடர்ந்த அகழாய்வில் சுதையால் ஆன, ஆள் உயரத்தை ஒட்டிய திருவுருவங்களும் கிடைத்தன. சுதை என்றால் என்னவென்று நம் கோபுரத்துக்கு வண்ணம் பூசிய ஸ்தபதியைக் கேளுங்கள். ஒரு மழைக்காலத்தைக் கூரையில்லாமல் தாங்காது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் அந்த உருவங்களைத் தாங்கிக் காத்தது மேலே மூடிக் கிடந்த மண். எந்த அரசாங்கமும் வாரியமும் செய்யாத திருப்பணியை அந்த மேடு செய்திருக்கிறது.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு இன்னும் ஒரு செய்தி. கடாரத்து அரசர் ஒருவர் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் வழங்கினான். சிவபாதசேகரன் என்று பெயர் வைத்துக்கொண்ட அரசன், கடல் கடந்த நாட்டார் கட்டிய பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த அறக்கட்டளை அது! ராஜராஜன் வாய்மொழியாகக் கொடுத்ததை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் பொறித்து வைத்தான். லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை அவை. நிலத்தின் எல்லை எது, எந்த வாய்க்கால், எவ்வளவு நெல், யார் சாட்சி என்று தமிழில் வரி வரியாக இருக்கிறது. எழுதி வைத்ததால் அந்தத் தர்மம் நமக்குத் தெரிகிறது. விகாரத்தின் கட்டடம் பிற்காலத்தில் இல்லாமலே போய்விட்டது. புக்கிட் பத்து பாஹாட்டில் நேர்மாறு. கட்டடம் இருக்கிறது, கொடுத்த பொருள்கூட இருக்கிறது, பெயர் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் எனக்குப் பழக்கமான வேறோர் ஆலயத்தில் திருப்பணி நடந்தது. பெயர் வேண்டாம். பழைய கருவறைத் தளத்தை உடைத்த அன்று நான் தற்செயலாக அங்கே போயிருந்தேன். லோரியில் மண் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மண்ணோடு, தோட்டத்துத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியைச் சேர்த்து வைத்துக் கட்டியபோது பதித்த கல் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. பாதிப் பெயர்களைத்தான் படிக்க முடிந்தது. மறுபாதி எங்கே என்று கேட்டேன். முதல் லோரியில் போயிருக்கும் என்றார்கள். எங்கே கொட்டினார்கள் என்று விசாரித்துப் போனால், ஒரு பள்ளத்தை நிரப்பி மேலே சமன்படுத்தியும் ஆகிவிட்டது. அந்தக் கோயில் எண்பது வருடம்கூடப் பழையதல்ல. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே சாமி கும்பிடுகிறார்கள்.

நமது ஆலயத்தில் பாலாலயம் முடிந்ததும் மடைப்பள்ளித் தரையும் பழைய மண்டபத் தரையும் உடைக்கப்பட இருக்கின்றன. நிர்வாகக் குழுவில் இது பற்றி நெடுநேரம் பேசினோம். "வாடகை இயந்திரம் ஒரு நாள் சும்மா நின்றால் எத்தனை வெள்ளி நஷ்டம் தெரியுமா?" என்று பொருளாளர் கேட்டார். அவர் கேட்டது நியாயம், அவர் வேலையே அது. கடைசியில், இயந்திரம் வருவதற்கு முன் மூன்று நாள் கையால் தரையைப் பெயர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்லையும் புகைப்படம் எடுப்போம். பேழையோ, கலசமோ, நாணயமோ எது வந்தாலும் எடுத்தவுடன் கழுவாமல், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று எழுதிய பிறகுதான் சிவாச்சாரியாரிடம் ஒப்படைப்போம். வரைபடம் போட ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். புகைப்படத்துக்கு இளைஞர் அணி பொறுப்பு. குனிந்து நிமிர முடிந்த தொண்டர்கள் பத்துப் பேர் இன்னும் தேவை. வயது வரம்பு இல்லை, நானும் வருகிறேன்.

மற்றொரு வேண்டுகோள். 1960-களிலும் 70-களிலும் நடந்த திருப்பணிகளுக்கு உங்கள் பெற்றோர் கொடுத்த நன்கொடையின் இரசீது, திருவிழாத் துண்டறிக்கை, மண்டபம் கட்டும்போது எடுத்த படம் எது இருந்தாலும் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தந்துவிடுவோம். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படி எடுப்போம். அலமாரியில் கரையான் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள் அம்மா.

சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு நற்செய்தி. பள்ளி விடுமுறையில் மெர்போக்குக்குப் பேருந்து போகிறது. நாற்பத்து நான்கு இருக்கைகள். முதலில் அரும்பொருளகம், அங்கே புக்கிட் பத்து பாஹாட் சண்டி, பிறகு வழியில் சுங்கை பத்து. பேருந்து வாடகையை ஏற்றுக்கொள்ள ஒரு குடும்பத்தார் முன்வந்திருக்கிறார்கள். மதிய உணவுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைப் பாருங்கள். பிள்ளைகள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆலய வாசலில் இருக்க வேண்டும். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில். பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். சண்டிக் கற்களின்மேல் ஏறி நின்று படம் எடுக்கக் கூடாது என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.